ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆசிரியர் தினத்தை ஒட்டி நல்லாசிரியர் விருது வாங்கியவர்களின் படங்களை ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள், பார்த்தேன், சந்தோஷம். யார் பிறந்த நாளைக் கொண்டாடுகிறோமோ அந்த ராதாகிருஷ்ணன் எங்கள் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர் என்பதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த நாள் மேல் கொஞ்சம் பங்காளி உரிமை உண்டு. ஆனால் அந்த ஒரு பக்கத்தில் 'அர்ப்பணிப்பு' என்கிற சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். ஏழு. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அந்த ஏழால்தான்.

நான் குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, முப்பது வயதில் பிரைவேட்டாகப் பத்தாவது எழுதியவன், ஆகவே எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஜூலையில் அம்மாவின் முதல் வருஷத் திதி வந்தது. கோயிலில் அன்னதானம் போட்டுவிடலாம் என்றான் தம்பி. அம்மாவுக்குக் கடைசி வரை ஒரு குறை இருந்தது, என்னைப் படிக்க வைக்கவில்லையே என்று, அதனால் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குச் செய்வோம் என்றேன் நான். ரெண்டு அட்டைப்பெட்டி நிறைய நோட்டு வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆந்திர எல்லையை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். எங்கள் கடைக்கு வருகிற ஒரு அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார், அதனால்தான் அது. பள்ளியின் பெயரை எழுதவில்லை. தலைமை ஆசிரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பேரு போட்டீங்கன்னா நாளைக்கே யாராவது சால்வை எடுத்துக்கினு வருவாங்க சார், அதுக்கு ஒரு அரை நாள் போயிடும்" என்றார். சரிதான்.

நோட்டுப் பெட்டியைப் பார்த்ததும் தலைமை ஆசிரியைக்கு முகம் மலரும் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். அவர் சிரித்துக்கொண்டே, "நோட்டு, புஸ்தகம், பை, நாலு செட் யூனிஃபார்ம், செருப்பு, கலர் பென்சில் எல்லாம் கவர்மெண்டே குடுக்குது சார். இதைக் கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் என்னதான் வேண்டும் என்று கேட்டேன். ரெண்டு சொன்னார். ஒன்று, வீட்டில் பழைய பேப்பர் கட்டு இருந்தால் கொடுங்கள், பிள்ளைகள் படிக்கும். இன்னொன்று, நேரம் இருந்தால் ஒரு நாள் முழுக்க இங்கே உட்கார்ந்து பாருங்கள். அவர் மரியாதைக்குச் சொன்னாரோ என்னவோ, நான் நிஜமாகவே அடுத்த வாரம் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள்.

முதல் நாள் புதன்கிழமை. எட்டே காலுக்கே போய்விட்டேன். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ரெண்டு பெண்கள் அதற்குள் பொங்கலும் சாம்பாரும் இறக்கி வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள், சின்னதுகள் முன்னால். காலைச் சிற்றுண்டி 2023 ஆகஸ்ட் 25இல் இருந்து எல்லா ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது என்பது உங்கள் பேப்பரைப் படித்தே தெரியும், ஆனால் படிப்பது வேறு, ஒரு பையன் மூன்றாவது தடவை சாம்பாருக்குத் தட்டை நீட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. இவன் வீட்டில் அம்மா ஆறு மணிக்கே நிலக்கடலைக் களை எடுக்கப் போயிருப்பார் என்றார் பெரிய டீச்சர். (பிள்ளைகள் தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்கிறார்கள், உதவி ஆசிரியை சின்ன டீச்சர். சின்ன டீச்சருக்குப் பத்து வருஷ சர்வீஸ், அவர் ஒன்றும் சின்னவர் இல்லை.)

இங்கே என் கதை கொஞ்சம். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோறு இல்லை என்றால் நான்காவதோடே நின்றிருப்பேன். காலையில் பள்ளிக்கூடம், மதியம் சாப்பிட்டுவிட்டு நேராக பீடி முறத்துக்கு. சுற்றுகிறது பெரியவர்கள் வேலை. முனை மடக்குகிறதும் கட்டுக் கட்டுகிறதும் எங்களைப் போன்ற பொடிசுகளின் வேலை, எங்கள் விரல்தான் அதற்குத் தோதானது என்பார்கள். அக்கா கல்யாணத்துக்கு அம்மா ஒருவரிடம் முந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அதற்கு வட்டி நான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும், அந்த முந்நூறு ரூபாய்க்காரருக்கும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார், காமராஜர் வந்து 1954இல் அதை எடுத்தார். அதே வருஷம் முதலமைச்சராக இருந்துகொண்டு அவர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கள் குடியாத்தத்தில்தான், அந்தப் பெருமையை இன்றைக்கும் டீக்கடையில் கேட்கலாம். ஆனால் சட்டத்தில் எடுத்த அரை நாள் முறை எங்கள் தெருவில் மட்டும் இன்னும் முப்பது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

ரெண்டு வகுப்பறை, ஒரு வராண்டா, 43 பிள்ளைகள். வழக்கமாகத் தலைமை ஆசிரியர்கள் நாலையும் அஞ்சையும் எடுத்துக்கொள்வார்கள். இங்கே பெரிய டீச்சர் ஒன்று, ரெண்டு, மூன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார், பெரிய வகுப்புகள் சின்ன டீச்சருக்கு. ஏன் என்று கேட்டதற்கு, "அடியில செங்கல்லு சாஞ்சா மேல எத்தன பூசினாலும் நிக்காது சார்" என்றார். மூன்று வகுப்பையும் வகுப்புவாரியாக உட்கார வைக்கவில்லை. சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் என்கிற அரசுத் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள், அவரவர் எந்த நிலையில் இருக்கிறார்களோ அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும். மூன்றாவது படிக்கிற ஒரு பையன் அரும்பில் இருந்தான், வெட்கமெல்லாம் இல்லை, பக்கத்தில் இருந்த ஒன்றாவது பொண்ணுக்கு அவன்தான் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சுவரைச் சுற்றி முழங்கால் உயரத்தில் இருந்து கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பிப் பந்தல் என்று பெயராம். ரெண்டுமே பழைய செயல்வழிக் கற்றல் காலத்து மிச்சம். அந்தக் கதையில் எங்கள் மாவட்டத்துக்குப் பங்கு இருக்கிறது, வேலூர்க்காரர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. 1990களில் இங்கே பீடியிலும் மற்ற வேலைகளிலும் இருந்த பிள்ளைகளை மீட்டு சிறப்புப் பள்ளிகளில் உட்கார வைத்தார்கள். பத்து வயசுப் பையனை ஒன்றாவதில் உட்கார வை என்றால் அவன் ஓடிப்போகிறான், ஐந்தாவதில் உட்கார வைத்தால் ஒன்றும் புரியவில்லை. எல்லையைத் தாண்டினால் மதனப்பள்ளி, அங்கே ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் ஒரே அறையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறிப்போகிற முறை நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து இங்கே செய்தார்கள், செயல்வழிக் கற்றல் என்பது அதுதான். அப்போது இங்கே கலெக்டராக இருந்தவர் பிறகு சென்னை மாநகராட்சிக்குப் போனபோது 2003இல் அங்கே 13 பள்ளிகளில் அதைத் தொடங்க, 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆக, முறத்தில் இருந்து தூக்கி வந்த பிள்ளைகளுக்காகத் தேடிய வழி கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆனது. இப்போது அட்டைகள் போய்ப் பயிற்சி நூல் வந்துவிட்டது. கரும்பலகை மட்டும் அதே உயரத்தில் இருக்கிறது. பெரிய டீச்சர் அதற்கு வருஷா வருஷம் கைக்காசில் பெயின்ட் அடிக்கிறார், எழுதி அழிக்கிற உயரம் பிள்ளைக்கு எட்டினால்தான் தப்பாக எழுதப் பயப்படாது என்கிறார்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

பத்தே முக்கால் இருக்கும். மலர் கூட்டத்துக்குப் பெருக்கல். புளியங்கொட்டைகளைக் குவித்து வைத்து நாலு நாலாக, ஐந்து ஐந்தாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூன்றாவது பொண்ணு, ரெட்டைச் சடை, கொட்டையைத் தொடவே இல்லை. டீச்சர் அவளிடம் கேட்டார், நாலு இருபத்தஞ்சு? நூறு என்றாள். எட்டு இருபத்தஞ்சு? இருநூறு. நாப்பது இருபத்தஞ்சு? டீச்சர் வாயை மூடுவதற்கு முன்னாலேயே ஆயிரம் என்று வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் வயிற்றில் என்னவோ செய்தது. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். எனக்கும் இந்த வாய்ப்பாடு ஒன்றுதான் முதலில் வந்தது, வேறெந்த வாய்ப்பாடும் வருவதற்கு முன்னால்.

அப்புறம் டீச்சர் அதே குரலில், நாலு இருபத்தாறு எவ்வளவு என்று கேட்டார். பொண்ணு நின்றுவிட்டாள். கண் கூரையைப் பார்த்தது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை, பக்கத்தில் கையைத் தூக்கிய பையனையும் உட்கார் என்று ஜாடை காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு கட்டு வச்சிருக்க. ஒவ்வொரு கட்டுலயும் ஒண்ணு கூட வச்சிட்டா?" என்றார். அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் புளியங்கொட்டையை எடுத்தாள், நாலே நாலு, தரையில் தள்ளித் தள்ளி வைத்தாள். நூத்தி நாலு. சரி, அஞ்சு இருபத்தாறு? நூத்தி... முப்பது. ஆறு? அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பீடிக் கட்டில் இருந்து அவள் வெளியே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மதியம் சாப்பாட்டு வேளையில் அதைப் பற்றிக் கேட்டேன். "அவங்கம்மா பீடிதான். பொண்ணு எண்ணித் தரும், சுத்தறது இல்லைன்னு சொல்றாங்க. நம்பறேன். ஆனா வாரத்துக்கு ஒரு தரம் எல்லார் வெரலும் பாக்கறேன், நகம் வெட்டியிருக்கான்னு பாக்கற சாக்குல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் என் வலது கை ஆள்காட்டி விரலைக் காட்டினேன், நுனியில் இன்னும் காய்ப்பு இருக்கிறது. அவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு உதவப் போய்விட்டார்.

சின்ன டீச்சரைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் கொண்டுபோன பழைய பேப்பர் கட்டில் ஒரு ஐந்தாவது பையன், மோர்தானா அணையில் இருந்து இத்தனை கன அடி தண்ணீர் திறப்பு என்று வாசித்துவிட்டு, கன அடின்னா இன்னா டீச்சர் என்று கேட்டான். நானாக இருந்தால் சும்மா இருடா என்றிருப்பேன், உண்மையில் எனக்கே தெரியாது, இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் பாடத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு ஸ்கேலை எடுத்தார். பன்னிரண்டு துடைப்பக் குச்சியை ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு வெட்டி, களிமண் உருண்டையில் செருகிப் பெட்டி மாதிரி நிறுத்தினார்கள் பிள்ளைகள். இதுக்குள்ள எவ்வளவு தண்ணி பிடிக்கும்? ஒரு குடம் என்றான் ஒருவன், பத்துக் குடம் என்றாள் ஒருத்தி. கணக்குப் போட்டால் 28 லிட்டர் சொச்சம், கிட்டத்தட்ட ரெண்டு குடம். அப்போ ஒரு செகண்டுக்கு நூறு கன அடின்னா எரநூறு குடமா, என்று அந்தப் பையன் வாயைப் பிளந்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்கவேண்டும். உங்கள் செய்தியாளர்களிடம் சொல்லுங்கள், கன அடி என்று எழுதும்போது ஒரு வரி குடக் கணக்கும் போட்டால் புண்ணியமாகப் போகும்.

எல்லை ஊர் என்பதால் பாதி வீட்டில் தெலுங்கு. புதிதாகச் சேர்ந்த ஒன்றாவது பிள்ளைகளில் சிலர் தண்ணீர் கேட்கும்போது நீள்ளு என்கிறார்கள். பெரிய டீச்சர் திருத்துவதில்லை, நீள்ளு வேணுமா, இந்தா தண்ணி, என்று ரெண்டையும் சொல்லிக் கொடுக்கிறார். ரெண்டு மாசத்தில் தானாக வந்துவிடும் என்கிறார்.

இதெல்லாம் முதல் நாள். இதோடு திரும்பியிருந்தால் நானும் உங்களுக்கு அர்ப்பணிப்பு என்று எட்டாவது தடவையாக எழுதி அனுப்பியிருப்பேன்.

ரெண்டாவது நாள் போனபோது பெரிய டீச்சர் இல்லை. கூட்டம் என்று போயிருந்தார். சின்ன டீச்சர் ஒருவர், ஐந்து வகுப்பு, அன்றைக்கு 41 பிள்ளைகள். ரெண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற கதவு நிலையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார், ஆனால் நான் பார்த்தவரை அதில் உட்காரவே இல்லை. ஐந்தாவது பொண்ணுகள் ரெண்டு பேரை அனுப்பி ஒன்றாவதுக்குக் கதை வாசிக்கச் சொன்னார். ரெண்டாவதுக்கு ஒரு பாட்டு. மூன்றாவதுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் ஒரு பொடியன் டிராயரிலேயே போய்விட்டான், அவனைக் கழுவித் துடைத்து மாற்றுத் துணி போட்டுவிட்டு வந்தார். அதற்குள் போன். ஏதோ ஒரு விவரம் பதினோரு மணிக்குள் செல்போனில் ஏற்ற வேண்டுமாம், எமிஸ் என்கிறார்கள், பள்ளி விவரமெல்லாம் பதிகிற அரசுத் தளம். நெட்வொர்க் அறைக்குள் கிடைக்காது, வேப்ப மரத்தடிக்குப் போனால்தான் ஒரு கோடு வரும். மரத்தடிக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. அவர் என்னைப் பார்த்தார், நான் போய்க் கதவருகே நின்றுகொண்டேன், லுங்கி விற்கிறவன் ஐந்து வகுப்புக்குக் காவல்.

நாலாவது படிக்கிற எட்டுப் பிள்ளைகள் அன்று முழுக்கப் பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். குறும்பு செய்யவில்லை, அழவில்லை, அதனாலேயே யாரும் அவர்கள் பக்கம் வரவில்லை. எனக்கு வேறு வேலை இல்லை, கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். காலையில் இருந்து சாயங்காலம் வரை டீச்சர் அந்த எட்டுப் பேரோடு இருந்தது மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். நேற்று கன அடி கட்டிய அதே டீச்சர்தான். சாயங்காலம் அவர் குரல் கம்மிப்போயிருந்தது, இந்த மாசத்தில் இது மூன்றாவது நாள் என்றார், பயிற்சி, கூட்டம் என்று மாறி மாறி ஒருவர் போகவேண்டி வருகிறது. அவருடைய முறை வரும்போது பெரிய டீச்சர் இதே போலத் தனியாக நிற்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கேட்கவே வேண்டாம், லீவு போட்டால் மற்றவர் செத்தார் என்று ரெண்டு பேருமே காய்ச்சலோடு வந்துவிடுகிறார்கள். இதற்குத்தான் நாம் அர்ப்பணிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம் போல.

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் வேடிக்கை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் தொடக்கப் பள்ளிக்குக் கணக்கு இப்படி இருக்கிறது: 60 பிள்ளைகள் வரை ரெண்டு ஆசிரியர், 61இல் இருந்து 90 வரை மூன்று, அப்புறம் நாலு. அந்த ரெண்டில் ஒருவர்தான் எங்கள் ஊரில் தலைமை ஆசிரியரும். முப்பது பேருக்கு ஒருவர் என்று பார்த்தால் நல்ல கணக்குதான். ஆனால் அது தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. பிள்ளைகள் 43 ஆனாலும் 23 ஆனாலும் ஒன்றாவது பாடம் தனி, ஐந்தாவது பாடம் தனி. ஐந்து பேருக்கு ஐந்து விதமாகச் சமைக்கிறவளுக்கும் ஐம்பது பேருக்கு ஒரே சாம்பார் வைக்கிறவளுக்கும் வேலை ஒன்றா?

பிள்ளைகளைக் கூட்டினால் மூன்றாவது டீச்சர் வருவார்தானே என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். அந்த ஊரில் இருந்து காலையில் ஒரு வேன் கிளம்புகிறது, இங்கிலீஷ் மீடியத்துக்கு, பதினேழு பிள்ளைகள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் இலை வெட்டிக்கொண்டிருந்த பாட்டி சொன்னார், "வேனு வந்து நின்னா ஒரு மதிப்பு சாமி. நடந்து போற பள்ளிக்கூடத்துக்கு இன்னா மதிப்பு கீது?" நான் வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளைகள் ரெண்டு பேரும் மெட்ரிகுலேஷன்தான், வேன்தான். சரி, அந்தப் பதினேழு பேரும் நாளைக்கே இங்கே வந்து சேர்ந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் என்று பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, ஏற்கெனவே எத்தனையோ தடவை கூட்டிப் பார்த்திருப்பார் போல. "43ம் 17ம் அறுபது சார். இன்னும் ஒண்ணு வேணும்" என்று சிரித்தார்.

அந்த ஒன்றுக்காக நான் சும்மா இருக்க முடியவில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எல்லா ஊருக்கும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் போடு என்று கேட்கிற அளவுக்கு நான் விவரம் இல்லாதவன் இல்லை, நாலு தறி வைத்திருக்கிறவனுக்குக் கூலிக் கணக்கு தெரியும். ஆனால் ஒரு வட்டாரத்தில் இப்படிப்பட்ட ரெண்டு டீச்சர் பள்ளிகளுக்கென்று சில பேரைத் தனியாக வைத்து, யார் பயிற்சிக்கும் லீவுக்கும் போகிறார்களோ அன்றைக்கு அங்கே அனுப்புவது முடியாத காரியமா? பஸ் கம்பெனியில் மாற்று டிரைவர் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் மாற்று நர்ஸ் இருக்கிறார். அதுவும் முடியாது என்றால் ரெண்டு பேர் இருக்கிற பள்ளிக்காரர்களை வாரத்தில் வேலை நாளில் கூட்டத்துக்குக் கூப்பிடாமலாவது இருக்கலாம், போனில் ஏற்றச் சொல்கிற விவரத்தைப் பதினோரு மணிக்குள் கேட்காமல் நாலரை மணிக்கு மேல் கேட்கலாம். இதற்கெல்லாம் காசு கூட வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் விருது வாங்குகிறவர்களின் படத்தைப் போடும்போது பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள்: அவர் பள்ளியில் எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர். அந்த அர்ப்பணிப்பு என்கிற சொல்லுக்கு இருக்கிற இடத்திலேயே இது அடங்கிவிடும்.

நோட்டுகளைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டேதான். அந்தப் பணத்தில் அம்மா பெயரில் கறுப்புப் பெயின்ட் வாங்கிக் கொடுத்தேன், பிரஷ் சேர்த்து. ரெட்டைச் சடைப் பொண்ணு இப்போது பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்கிறாள் என்று போன வாரம் போனில் சொன்னார் பெரிய டீச்சர். வருகிற செவ்வாய்க்கிழமை அவருக்கு மறுபடியும் கூட்டம் இருக்கிறதாம், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வேப்ப மரத்துக்கும் கதவுக்கும் நடுவே நிற்க வரமுடியுமா என்று சின்ன டீச்சர் கேட்டிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
லுங்கிக் கடைக்காரர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.